இலையின் வாய் பிறக்கும் வகை
ஆர்க்கிட் செடியின் இலைத்துளையும் தண்டுத்துளையும்

செடிகொடிகளுக்கு வாய் உண்டு என்றால் சிறுவர் நகைப்பர். ஆயினும் அது உண்மையே. இலையின் தோலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் அமைந்துள்ளன. கிரேக்க மொழியில் 'ஸ்டோமா' என்னும் சொல்லுக்கு வாய் என்பது பொருள். மேலைநாட்டுத் தாவர நூலார் அச்சொல்லையே இத்துளைக்குப் பெயராக்கினர். தமிழில் இலைத்துளை என்பது பெருவழக்கு. இலங்கைப் பாடநூல்கள் இலைவாய் என்று கூறும்.

இலைத்துளையைப் பற்றித் தொடக்கப் பாடங்கள் பொதுவாக மூன்று செய்திகளைச் சொல்லும். துளைகள் இலையில் உள்ளன என்பது ஒன்று. துளையின் இருமருங்கிலும் நிற்கும் காவலணுக்களில் பச்சையம் உண்டு என்பது இரண்டு. துளை பகலில் திறந்து இரவில் மூடும் என்பது மூன்று. பெரும்பாலான செடிகளுக்கு இம்மூன்றும் பொருந்தும். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு முற்றத்திலும் சாலையோர மரத்திலும் காணப்படும் ஆர்க்கிட் குடும்பத்தில் இம்மூன்றுக்கும் விலக்கு உண்டு. விலக்குகள் பலவாயினும், துளை பிறக்கும் முறையின் அடிப்படை ஒன்றே. அதை முதலில் அறிந்துகொண்டால் விலக்குகளின் காரணமும் எளிதில் விளங்கும்.

மரத்தில் வாழும் செடி

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. வெப்ப நாடுகளில் அவற்றுட் பெரும்பாலானவை மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளில் வெண்ணிறப் பூக்களோடு திடீரெனப் பூத்து ஒரே நாளில் வாடிவிடும் புறா ஆர்க்கிட் இவ்வகையினது. மரத்தின்மேல் வாழ்வதால் இதனைப் புல்லுருவி என்று எண்ணுவோர் உளர். அது பிழை. புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டுக்கு மரம் இருக்கை மட்டுமே. உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

இருக்கை இலவசமாகக் கிடைத்தாலும் நீர் கிடைப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த சில மணி நேரத்தில் மரப்பட்டை உலர்ந்துவிடும். மண்ணில் வேரூன்றிய செடி நிலத்தடி ஈரத்தை நாடலாம். கிளையில் அமர்ந்த செடிக்கு அவ்வழி இல்லை. மேலும், செடி இழக்கும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இலைத்துளைகளின் வழியாகவே வெளியேறுகிறது. துளையைத் திறந்தால் நீர் போகும். மூடினால் உணவாக்கத் தேவையான கரியமில வாயு உள்ளே வராது. இந்த இக்கட்டு எல்லாச் செடிகளுக்கும் உண்டு. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

துளையின் அமைப்பு

அவரை விதை போன்ற இரண்டு உயிரணுக்கள் எதிரெதிரே வளைந்து நிற்க, அவற்றின் இடையே உள்ள இடைவெளியே துளை. இவ்விரண்டும் காவலணுக்கள். துளையை நோக்கிய பக்கத்தில் இவற்றின் சுவர் தடித்தும் மறுபக்கத்தில் மெலிந்தும் இருக்கும். காவலணுக்களுள் பொட்டாசிய உப்புப் பொருள் சேரும்போது நீரும் தொடர்ந்து உட்புகும். அணுக்கள் பருத்து வெளிப்புறமாக வளையும், துளை திறக்கும். நீர் வெளியேறினால் அவை தளர்ந்து ஒன்றோடொன்று நெருங்கும், துளை மூடும். காவலணுக்களின் விறைப்பே கதவை இயக்குகிறது என்பதை 1856ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹூகோ வான் மோல் எடுத்துக்காட்டினார்.

துளை பிறக்கும் முறை

துளை என்றவுடன், முதலில் தோல் உண்டாகிப் பின்னர் அதில் ஓட்டை இடப்படுகிறது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. தோல் உருவாகும்போதே அதன் உயிரணுக்களில் சில துளைக்கென ஒதுக்கப்படுகின்றன.

இளம் இலையின் அடிப்பகுதியை முதிய இலைகளின் உறை மூடியிருக்கும். அங்கே வெளிறிய நிறத்தில் உள்ள தோலணுக்கள் இடையறாது பிரிந்துகொண்டிருக்கும். பொதுவாக ஓர் உயிரணு பிரியும்போது இரண்டு சமமான அணுக்கள் உண்டாகும். ஆனால் இங்குச் சில அணுக்கள் சமமின்றிப் பிரிகின்றன. ஒரு பங்கு பெரிது, மற்றொன்று சிறிது. பெரிய பங்கு சாதாரணத் தோலணுவாக வளர்ந்துவிடும். சிறிய பங்கில் உயிர்ச்சத்து அடர்ந்திருக்கும். துளையின் தாயணுவாவது இச்சிறியதே.

பின்னர் இத்தாயணு நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். இம்முறை பிரிவு சமமானது. பிறக்கும் இரண்டும் காவலணுக்களாகும். இரண்டுக்கும் பொதுவான சுவரின் நடுப்பகுதி தடிக்கும். அங்கே இரு சுவர்களையும் ஒட்டிவைத்திருந்த பசைப்பொருள் கரைந்து, சுவர்கள் விலகும். சுவரின் இரு முனைகள் மட்டும் ஒட்டியபடியே நிற்கும். விலகிய இடமே வாய். அதன் அடியில் உள்ளணுக்கள் விலகி ஒரு சிறு காற்றறை உண்டாகும். ஆகவே, முதலில் சமமற்ற பிரிவு, பின்னர்ச் சமமான பிரிவு, இறுதியில் சுவரின் விலகல் என மூன்று படிகளில் ஓர் இலைத்துளை பிறக்கிறது.

ஆர்க்கிட் ஒருவித்திலைத் தாவரம். நெல், தென்னை, வாழை ஆகியவற்றின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. இக்கூட்டத்தின் இலைகள் பொதுவாக அடியிலிருந்து வளர்ந்து மேலெழும்பும். எனவே நுனி மூத்தது, அடி இளையது. ஓர் இளம் இலையின் நுனியில் முற்றிய துளையும், இடையில் பாதி உருவான துளையும், அடியில் தாயணுவும் காணப்படும். ஒரு துளையின் முழு வரலாறும் ஒரே இலையில் வரிசையாக எழுதி வைக்கப்பட்டுள்ளது எனலாம்.

இதனால் அறியத்தக்க முக்கியச் செய்தி ஒன்று உண்டு. உறையைவிட்டு வெளிவந்து முதிர்ந்த இலையில் புதிய துளை பிறப்பதில்லை. எத்தனை துளைகள், எந்தப் பக்கத்தில், எவ்வளவு இடைவெளியில் என்பவை யாவும் இளமையிலேயே முடிவாகிவிடுகின்றன. அதன்பின் இலைக்கு எஞ்சியிருப்பது திறப்பதும் மூடுவதும் ஆகிய உரிமை மட்டுமே.

பேசாத மரபணுக்கள்

எந்த அணு துளையாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? இவ்வினாவுக்கு விடை கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் என்னும் சிறுசெடியில் கிடைத்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் மூன்று மரபணுக்களை அடையாளம் காட்டின. வாய் என்னும் பெயரையொட்டி ஆராய்ச்சியாளர்கள் அவற்றுக்கு நகைச்சுவையாகப் பெயரிட்டனர். முதலாவது 'ஸ்பீச்லெஸ்', அதாவது பேச்சற்றது. இரண்டாவது 'மியூட்', அதாவது ஊமை. மூன்றாவது 'ஃபாமா', ரோமானியரின் வதந்தித் தேவதை.

முதல் மரபணு பழுதானால் சமமற்ற பிரிவே தொடங்காது. இலையில் ஒரு துளையும் இராது. இரண்டாவது பழுதானால் சிறிய அணு தாயணுவாக மாறாமல் இடையிலேயே நின்றுவிடும். மூன்றாவது பழுதானால் தாயணு பிரிந்துகொண்டே போகும், காவலணுவாக உருப்பெறாது. மேற்கூறிய பிறப்புப் படிகளுக்கு இவ்வாறு அடுத்தடுத்து மேற்பார்வையாளர் உண்டு. ஆர்க்கிட்டைப் போல் ஒருவித்திலைத் தாவரமாகிய நெல்லிலும் இவற்றை ஒத்த மரபணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இரண்டு துளைகள் ஒட்டிப் பிறந்தால் காவலணு பருப்பதற்கும் தளர்வதற்கும் இடம் போதாது. எனவே துளையாகப் போகும் அணு ஒருவகைப் புரதத் துணுக்கைச் சுரந்து, 'இங்கு வேண்டா' என்று அண்டை அணுக்களுக்கு அறிவிக்கிறது. இரு துளைகளுக்கிடையே குறைந்தது ஓர் அணுவேனும் இடைவெளி இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு வியப்பும் உண்டு. முதிர்ந்த இலைகள் பெறும் ஒளியும் காற்றும் எத்தகையன என்னும் செய்தி உள்ளே வளரும் இளம் இலைக்கு எட்டி, அதன் துளைகளின் எண்ணிக்கையை மாற்றுகிறது என்று 2001இல் அரபிடோப்சிஸ் செடியில் நிறுவப்பட்டது. உறைக்குள் இருக்கும் இலை உலகைக் கண்டதில்லை. மூத்த இலைகளின் பட்டறிவே அதற்கு வழிகாட்டி.

துணையணுக்கள்

சில செடிகளில் காவலணுக்களை அடுத்து, ஏனைய தோலணுக்களினின்றும் வடிவில் வேறுபட்ட அணுக்கள் சூழ்ந்து நிற்கும். இவை துணையணுக்கள். காவலணுவுக்கு வேண்டிய உப்புப்பொருளையும் நீரையும் கொடுத்து வாங்குவது இவற்றின் பணி. ஆர்க்கிட் குடும்பத்தில் துணையணு அற்ற இனங்களும் உள. துணையணு உடைய இனங்களும் உள.

இத்துணையணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தாவர நூலாரிடையே நெடுநாள் வினாவாக இருந்தது. ஒருவித்திலைத் தாவரங்களில் அவை அண்டை அணுக்களிலிருந்தே பிரிந்து வருகின்றன என்பது பொதுக்கருத்து. 1975இல் நாரிஸ் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் லுடீசியா டிஸ்கலர் என்னும் ஆர்க்கிட்டை ஆராய்ந்தார். பூவுக்காக அன்றி, செம்பட்டு போன்ற இலைக்காகவும் அதில் ஓடும் ஒளிர்கோடுகளுக்காகவும் வளர்க்கப்படும் செடி அது. மலேசியக் காடுகளிலும் காணப்படுவது. அதன் துணையணுக்களில் சில, காவலணுக்கள் பிறந்த அதே குடிவழியில் தோன்றின. சில அண்டை வீட்டிலிருந்து வந்தன. ஒரே துளையைச் சுற்றி உடன்பிறந்தாரும் அயலாரும் கலந்து நின்றனர். 1981இல் ஹானே ராஸ்முசென் என்னும் டென்மார்க் அறிஞர், ஆர்க்கிட்டின் ஓர் உட்குடும்பத்திற்குள்ளேயே துளை வளர்ச்சி பலவகைப்படும் என்று காட்டினார். முற்றிய துளையின் தோற்றத்தை மட்டும் பார்த்து அதன் பிறப்பைச் சொல்ல இயலாது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

பச்சையம் இல்லாக் காவலர்

இனி விலக்குகளைக் காணலாம். பெண்களின் பாதணி போன்ற பூவை உடைய பாஃபியோபெடிலம் இனங்கள் உலகப் புகழ் பெற்றவை. சபாவின் கினபாலு மலையில் வளரும் ரோத்சைல்டு ஆர்க்கிட்டும் இவ்வினத்தது. பிற செடிகளில் தோலணுக்கள் நிறமற்றிருந்தாலும் காவலணுக்களில் மட்டும் பச்சையம் இருக்கும். பாஃபியோபெடிலத்தின் காவலணுவிலோ பச்சையம் இல்லை. ஆயினும் அதன் துளை திறக்கிறது, மூடுகிறது. இதனை 1975இல் நெல்சன், மேயோ என்னும் இருவர் வெளியிட்டனர். கதவைத் திறக்கக் காவலணுவுக்குப் பச்சையம் இன்றியமையாதது என்ற எண்ணம் இதனால் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று.

தண்டிலும் வேரிலும்

துளை இலைக்கே உரியது என்பதும் முழு உண்மையன்று. பசுந்தண்டின் தோலும் இலையின் தோலும் ஒரே வகையின. ஆகவே தண்டிலும் அதே மூன்று படிகளில் துளை பிறக்கக்கூடும். வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியே. அதன் இனங்களுள் சில இலையற்றவை. அவற்றில் பசிய தண்டே இலையின் வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால் தண்டின் தோலில் துளைகள் அமைந்துள்ளன.

மாறாக, பல ஆர்க்கிட்டுகளில் நீரைச் சேமிக்கும் பருத்த தண்டில் துளையே இல்லை. இத்தண்டைப் போலிக்கிழங்கு என்பர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விற்பனைக்கு வளர்க்கப்படும் மஞ்சள் நிற நடனமங்கை ஆர்க்கிட்டாகிய ஆன்சிடியம் கோல்டியானாவின் போலிக்கிழங்கு இத்தகையது. அதன் தோலில் மெழுகுப்பூச்சு தடித்திருக்கும். உள்ளே பச்சையம் உண்டு, வெளிக்காற்றுக்கு வழியில்லை. தண்டு தான் மூச்சுவிடும்போது உண்டாகும் கரியமில வாயுவையே மீண்டும் பிடித்துப் பயன்படுத்திக்கொள்கிறது. சேமிப்புக் கிடங்குக்குச் சன்னல் வைக்காததே சிக்கனம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விந்தை ஆஸ்திரேலியாவில் உள்ளது. பல்போஃபில்லம் மினுட்டிசிமம் என்னும் ஆர்க்கிட்டின் போலிக்கிழங்கு சில மில்லிமீட்டர் அகலமே உடையது. இலைகளோ வெறும் செதில்கள். அப்போலிக்கிழங்கினுள் ஒரு குழிவறை உண்டு. மேலே சிறு வாயில் உண்டு. துளைகள் யாவும் அவ்வறையின் உட்சுவரிலேயே அமைந்துள்ளன. வெயிலும் காற்றும் நேரே தாக்காத இடத்தில் வாய்களை மறைத்து வைத்துள்ளது இச்செடி.

இன்னும் ஒருபடி சென்றவை டீனியோஃபில்லம் இனங்கள். இவற்றுக்கு இலையும் இல்லை, தண்டும் பெயரளவிற்கே. மரப்பட்டையில் நட்சத்திரம்போல் படர்ந்த பச்சை வேர்களே உணவாக்குகின்றன. வேரில் இலைத்துளை பிறப்பதில்லை. திறந்து மூடும் கதவின்றியே இச்செடி வாழ்கிறது. பகலில் நீரைக் காக்க இரவில் கரியமில வாயுவைச் சேமிக்கும் முறையை இவ்வேர்கள் கையாளுகின்றன என்று 2023இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது.

இரவில் திறக்கும் வாய்

இரவில் சேமிக்கும் இம்முறை இலையுள்ள ஆர்க்கிட்டுகளிலும் பரவலாக உண்டு. தடித்த இலையுடைய அராக்னிஸ் என்னும் தேள் ஆர்க்கிட், ஃபலனாப்சிஸ் முதலியன பகலில் துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. அப்போது உட்புகும் கரியமில வாயு, மாலிக் அமிலமாக மாற்றப்பட்டு உயிரணுவின் உட்குமிழில் சேர்த்துவைக்கப்படும். விடிந்ததும் கதவு அடைபடும். உள்ளே அமிலம் சிதைந்து வாயுவை விடுவிக்க, சூரிய ஒளியின் துணையால் உணவு ஆக்கப்படும். இரவில் காற்றின் ஈரம் மிகுதி. ஆதலால் இழக்கும் நீர் குறைவு.

வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகளில் இருவகை உண்டு என்பதை 1975இல் நீல்ஸ், ஹியூ ஆகியோர் எடுத்துரைத்தனர். தடித்த இலையின இரவிலும், மூங்கில் ஆர்க்கிட் போன்ற மெல்லிலையின பகலிலும் வாயுவை உட்கொள்கின்றன. 1977இல் கோ, அவதானி முதலியோர் ஆர்க்கிட் இலைகளில் துளை திறப்பும் புளிப்பும் நாள்தோறும் ஏறி இறங்கும் ஒழுங்கை அளந்து வெளியிட்டனர்.

இப்புளிப்பின் கதைக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் வாழ்ந்த பெஞ்சமின் ஹைன் என்னும் தாவர நூலார், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கண்டார். அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் 1815இல் இடம்பெற்றது. அவர் நாவால் உணர்ந்ததன் காரணம் விளங்க நூறாண்டுக்கு மேல் சென்றது.

குடுவைக் கன்றுகள்

துளையின் இளமைப் பருவம் எத்துணை முக்கியமானது என்பதை வணிக முறையில் ஆர்க்கிட் வளர்ப்போர் நன்கறிவர். 1922இல் லூயிஸ் நட்சன் ஆர்க்கிட் விதையைச் சர்க்கரைக் கூழில் முளைக்கச் செய்தார். 1960இல் ஜார்ஜ் மொரெல் தளிர்நுனியிலிருந்து கன்றுகளைப் பெருக்கும் வழியை வெளியிட்டார். அதுமுதல் கண்ணாடிக் குடுவைகளே ஆர்க்கிட்டின் தொட்டிலாயின.

குடுவையினுள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. அங்குப் பிறக்கும் இலையின் மெழுகுப்பூச்சு மெல்லியது. அதன் துளைகளும் வறட்சிக்கு ஏற்ப இறுக மூடும் திறம் பெறுவதில்லை. குடுவையில் வளரும் செடிகளிடம் பொதுவாகக் காணப்படும் குறை இது. அக்கன்றை அன்றே எடுத்து வெயிலில் வைத்தால் திறந்த வாய்களின் வழியே நீரெல்லாம் போய், மாலைக்குள் துவண்டுவிடும். இவ்வாறு பணம் கொடுத்து வாங்கிய கன்றுகளை இழந்தோர் பலர். வேருக்கு நீர் ஊற்றியும் பயனில்லை. குறை வேரில் இல்லை.

முன்னரே கூறியபடி, முதிர்ந்த இலையைப் புதிதாக்க முடியாது. எனவே குடுவையிலிருந்து எடுத்த கன்றை நிழலில், ஈரக்காற்றில் வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். பழைய இலைகள் சில உதிரினும் கவலையில்லை. வெளிக்காற்றில் பிறக்கும் புதிய இலையே அச்செடியைக் காக்கும். அது வரும்வரை பொறுப்பதே வளர்ப்பவர் கடன்.

வகுப்பறையில் காட்டும் வழி

இவற்றை மாணவர்க்குக் காட்டப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நிறமற்ற நகப்பூச்சை இலையின் அடிப்புறத்தில் மெல்லத் தடவி, உலர்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து எடுத்தால் துளைகளின் அச்சு அதில் பதிந்திருக்கும். பள்ளி நுண்பெருக்கியில் அது நன்கு தெரியும். மேற்புறத்து அச்சையும் எடுத்து இரண்டையும் எண்ணி ஒப்பிடச் செய்யலாம். பள்ளித் தோட்டத்தில் நிலத்தில் வளரும் ஸ்பத்தோகுளோட்டிஸ் ஆர்க்கிட் இருந்தால், நடுவில் எழும் இளம் இலையை இழுத்து, அதன் நுனியையும் வெளிறிய அடியையும் தனித்தனியே பார்க்கச் செய்யலாம்.

புளிப்பைக் காணவும் எளிய வழி உண்டு. தேள் ஆர்க்கிட்டின் இலைத்துண்டு ஒன்றை விடியற்காலையிலும், அதே அளவுள்ள மற்றொன்றை மாலையிலும் எடுத்து, சம அளவு நீரில் அரைத்து, அமிலத்தாளை நனைத்து நிறத்தை ஒப்பிடலாம். நாவால் சுவைக்க விடலாகாது.

"இலைத்துளை எப்போது திறக்கும்?" என்னும் வினாவுக்கு ஒரு மாணவன், "எங்கள் வீட்டுத் தேள் ஆர்க்கிட்டில் இரவில் திறக்கும்" என்று எழுதினால், அவ்விடையைத் தவறென்று அடித்துவிடலாகாது. பாடநூல் பெரும்பான்மையைச் சொல்கிறது. அம்மாணவன் தன் முற்றத்தில் உள்ளதைச் சொல்கிறான். பொதுவிதியையும் அதன் விலக்கையும் ஒருங்கே கற்பித்து, இரண்டுக்கும் அடிப்படையான பிறப்பு முறையையும் விளக்கிவிட்டால், அப்பாடம் தேர்வோடு மறைந்துபோகாது.